பாலோ மேட்டில் ஏறாத பன்னிரண்டு வண்டிகள்

பேட்டரி சரியில்லை என்று யாராவது ஓசூரில் இருக்கும் எங்கள் நிறுவனத்துக்குப் போன் செய்தால் நாங்கள் முதலில் கேட்பது, "வெயிலில் வைத்தீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் சற்றுத் தயங்கி ஆமாம் என்பார்கள். மலேசியாவிலிருந்து, ஜொகூர் மாநிலத்தில் பாலோ என்ற சிற்றூரிலிருந்து போன் வந்தபோதும் அதையேதான் கேட்டேன். பேசியவர் குணசேகரன், அங்கே ஒரு பட்டறையின் பொறுப்பாளர். "இல்லைங்க மேடம், பிள்ளைய ஜாகா பண்ற மாதிரி பண்றோம்" என்றார். ஜாகா என்றால் காவல், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது. நான் அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம், அது என் பேட்டரி. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் பழக்குலைகளை ஏற்றிச் செல்லும் சிறிய மின்வண்டிக்காக ஆறு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் வடிவமைத்தது. பாலோவுக்குப் போன பன்னிரண்டு வண்டிகள்தான் எங்கள் முதல் வெளிநாட்டு விற்பனை. இரண்டு வருடம் ஆவதற்குள் அவை மேடு ஏறாமல் பாதி வழியில் படுத்துவிடுகின்றன என்றார்கள். வண்டிகளின் சொந்தக்காரரான சீன முதலாளி வெள்ளிக்கிழமை வரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் வண்டிகள் மேடு ஏறாவிட்டால் பன்னிரண்டையும் கப்பலேற்றிவிட்டுப் பழையபடி டீசலுக்குப் போய்விடுவார். அப்படித் திரும்பி வந்தால் இந்தப் பேட்டரியையே மூட்டை கட்டிவிடலாம் என்று எங்கள் முதலாளி என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

விமானத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அறிக்கையில் பாதியை எழுதி முடித்தேன். 'அதிக வெப்பத்தில் வைத்துப் பயன்படுத்தியதால்' என்று தொடங்கினேன். இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதும் வியாதி எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு.

திங்கட்கிழமை காலை குணா என்னை நேராகச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் அழைத்துப் போனார். அங்கே எல்லோரும் அவரைக் குணா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன். நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவுக்குச் சொந்தக்காரன்தான், ஆனால் மெலிந்தவன், அடுக்கு அடுக்காகப் பிரிந்து வருகிறவன். காலை ஏழு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டால் எங்கள் வீட்டில் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். இங்கே ஊரே அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கோப்பி என்று கொடுத்ததைக் கஷாயம் என்று முடிவு செய்து ஒதுக்கி வைத்தேன். கோயம்புத்தூரில் பிறந்தவளுக்குக் காப்பி விஷயத்தில் கொஞ்சம் திமிர் இருக்கும். பக்கத்து மேசையில் இரண்டு மலாய்க்காரர்கள் மழையைப் பற்றி வருத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னவாம் என்று குணாவிடம் கேட்டேன். மழையில் டுரியான் பழமரங்களின் பூவெல்லாம் கொட்டிவிட்டது என்று ஒருவர் சொல்ல, மற்றவர், என் மனைவி அந்த மழைக்கும் நான்தான் காரணம் என்கிறாள் என்றாராம். குணா சிரிக்காமல் மொழிபெயர்த்தார்.

பட்டறையைப் பார்த்ததும் என் அறிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டது. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நோட்டு, அதில் தினமும் யார் ஓட்டினார், எத்தனை குலை என்று குண்டு குண்டான எழுத்தில் பதிவு. சுவரில் என் கையேட்டின் ஒரு பக்கத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். 'வெப்பமே பேட்டரியின் முதல் எதிரி. எப்போதும் குளிர்ச்சியாக வைத்திருக்கவும்.' சிவப்பு எழுத்து. நான் எழுதியதுதான். என் எழுத்தைச் சட்டம் போட்டு மாட்டிய முதல் மனிதர் அவர். உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அப்புறம் தன் பெருமையைக் காட்டினார். பட்டறைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை. முன்பு காய்கறி ஏற்றுமதி செய்தவர் விட்டுவிட்டுப் போனது. வாசலில் ஆணியில் ஒரு பச்சை ஸ்வெட்டர் தொங்கியது. அதைப் போட்டுக்கொண்டுதான் குணா உள்ளே போவார். மத்தியானம் வேலை முடிந்ததும் வண்டிகளிலிருந்து பேட்டரிகளைக் கழற்றி இங்கே கொண்டுவந்து அடுக்கிவிடுவார்களாம். என் சோதனைக்காக அன்று வண்டிகளை நிறுத்தி வைத்திருந்ததால், குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி இருப்பதுபோல் என் பேட்டரிகள் வரிசையாக இருந்தன. சார்ஜர்கள் வெளியே தாழ்வாரத்தில் இருந்தன. பேட்டரியை ஓய்வாக வைத்திருக்கக் குளிர்ச்சி நல்லதுதான். இந்தியாவில் இப்படிப் பராமரிக்கும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை என்று வாயாரப் பாராட்டினேன். குணாவின் காது சிவந்தது.

பேட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து எடுத்த கையோடு சோதித்தேன். சாயங்காலம் ஆவதற்குள் என் உற்சாகம் வடிந்துவிட்டது. சில பேட்டரிகளில் பாதிச் சக்தி கூட இல்லை. மூன்றாம் நம்பர் வண்டியின் பேட்டரி எல்லாவற்றிலும் மோசம். பதினொன்றைச் சோதித்து முடித்தபோது பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டேன். குணாவின் முகம் மாறியது. ஏழாம் நம்பர் வண்டியை ஓட்டும் லெட்சுமி சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பேட்டரியை இங்கே கொண்டுவருவதே இல்லை, மூன்று தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாகிவிட்டது என்றார். சரி, வெயிலில் போட்டு வறுத்த பேட்டரி ஒன்றாவது கிடைத்தது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தோட்டத்துக்குப் போனோம். பெரட்டு முடிந்து, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுத்து முடிந்து, எல்லோரும் கலைந்துகொண்டிருந்தார்கள். லெட்சுமிக்கு ஐம்பது வயது இருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, அதன் மேல் தொப்பி. என்னைப் பார்த்ததும் வண்டியில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். என் பேட்டரி ஓடும் வண்டியில் நான் பயணம் செய்தது அதுதான் முதல் தடவை. ஓசூரில் தார் போட்ட மைதானத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இங்கே சேறு, வேர், அழுகிய மட்டை, ஒரு உடும்பு. இடுப்பெலும்பு எங்கே இருக்கிறது என்பது எனக்கு அன்று துல்லியமாகத் தெரிந்தது.

பம்பு வீட்டு மேடு என்று ஒன்று இருக்கிறது. குலைகளைச் சேர்த்துவைக்கும் மேடைக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்களுக்கு முன்னால் போன நான்காம் நம்பர் பாதியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டுச் சாவகாசமாக வெற்றிலை போட்டார். கல் அதற்கென்றே வண்டியில் வைத்திருந்தது. ஒன்பதாம் நம்பரும் நின்றது. அவரிடமும் ஒரு கல் இருந்தது. என் ஆறு வருட உழைப்பு அந்தக் கற்களில் வந்து நிற்கிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

லெட்சுமி அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு முழுப் பாரத்தோடு மேட்டின் உச்சிவரை ஒரே மூச்சில் ஏறினார். நான் பக்கக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தேன். "என்ன தங்கச்சி, பயந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

மேட்டின் மேலேயே கணினியை இணைத்துப் பார்த்தேன். ஏழாம் நம்பர் பேட்டரி கிட்டத்தட்டப் புதிதுபோல் இருந்தது. ஆனால் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலையைப் பார்த்தால், பன்னிரண்டிலும் அதிகமாகச் சூடானது அதுதான். வெப்பத்தில் கிடந்தது நன்றாக இருக்கிறது, குளிரில் வைத்துப் பாதுகாத்ததெல்லாம் செத்துக்கொண்டிருக்கிறது. நான் படித்த படிப்பெல்லாம் தலைகீழாக நின்றது.

ஏன் பேட்டரியைக் கொண்டுபோவதில்லை என்று லெட்சுமியிடம் கேட்டேன். "அங்க தூக்கிட்டுப் போயி எறக்கணும். என் முட்டி தாங்காது. அந்த ஐஸ் ரூமுக்குள்ள போனா எனக்கு மூச்சு முட்டும். நான் பெரட்டுக் கொட்டாய் பின்னால பிளக்குல சொருவி வச்சிருவேன். காலையில ரெடி லா" என்றார். அவருடையது வண்டியோடு பெட்டியில் வந்த சின்ன சார்ஜர், மெதுவாக ஏற்றுவது. மற்றவர்கள் பயன்படுத்துவது குணா தருவித்த பெரிய சார்ஜர், வேகமானது. ஓ, அதுதான் காரணமோ என்று ஒரு கணம் துள்ளினேன். ஆனால் அதே வேகத்தில் ஓசூரில் இரண்டு வருடம் ஏற்றி இறக்கிப் பார்த்தவள் நான். ஒன்றும் ஆகவில்லை. அன்று மத்தியானம் லெட்சுமி தன் சாப்பாட்டில் பாதியை எனக்குக் கொடுத்தார். சோறு, நெத்திலி சம்பல், அவித்த மரவள்ளி இலை. காரத்தில் கண் கலங்கியது. எதற்காகக் கலங்குகிறேன் என்று யாரும் கேட்காதது வசதியாக இருந்தது.

இனிப் பேட்டரியை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. புதன்கிழமை மூன்றாம் நம்பரிலிருந்து இரண்டு செல்களைக் கழற்றி, முழுதும் சக்தியை இறக்கி, மணல் நிரப்பிய பிஸ்கட் டப்பாவில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஜொகூர் பாரு பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் காற்றும் ஈரமும் புகாத கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் வைத்துத்தான் லித்தியம் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். ஜொகூர் காற்றில் பிரித்தால் ஆராய ஒன்றும் மிஞ்சாது, நாங்களும் மிஞ்ச மாட்டோம்.

வழியில் வாழைப்பழப் பொரியல் விற்கும் ஒரு மலாய் அம்மாவின் கடையில் குணா நிறுத்தினார். நம் ஊர் வாழைக்காய் பஜ்ஜிக்கு இனிப்புப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஆறு சாப்பிட்டேன். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் வண்டி 'டக்' என்றதோடு சரி. வண்டியின் பேட்டரி செத்துவிட்டது. குணாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரு டுரியான் லாரிக்காரர் தன் கம்பிகளை எடுத்துக்கொண்டு உதவிக்கு வந்தார். போகிற போக்கில் நான் யார், என்ன வேலை என்று விசாரித்தார். குணா நேர்மையான மனிதர். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் பேட்டரி நிபுணர் என்று சொல்லிவிட்டார். லாரிக்காரர் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பொரியல் விற்கும் அம்மாவுக்கும் சொன்னார். அவரும் சிரித்துவிட்டு, பாவம் என்று எனக்கு இன்னும் இரண்டு பொரியலை இலவசமாகக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு உதவியவர் டாக்டர் தர்மினி. அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவராம். அவர் தமிழில் இன்னும் அந்தச் சாயல் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய ரப்பர் கையுறைகளில் கைகளை நுழைத்துச் செல்லைப் பிரித்தார். நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளே இருக்கும் இரண்டு தகடுகளில் ஒன்று கிராஃபைட். பென்சிலில் எழுதுகிறோமே, அதேதான். செம்புத் தாளின்மேல் கறுப்பாகப் பூசியிருக்கும். கிராஃபைட் என்பது மெல்லிய அடுக்குகளின் கட்டு. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அந்த அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து உட்கார்கிறது, பயன்படுத்தும்போது வெளியே வருகிறது. நுழையும்போது கிராஃபைட் கொஞ்சம் உப்பும், வெளியேறும்போது சுருங்கும். உப்பி உப்பிச் சுருங்கி வருடக்கணக்கில் அடுக்குகள் விரிசல் விடுவது முதுமை. வெப்பத்தில் கெட்டிருந்தால் கறுப்பின்மேல் சீராக ஒரு படலம் தடித்திருக்கும். அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

தர்மினி தகட்டை விரித்தார். கறுப்பின்மேல் சாம்பல் நிறத்தில் சொறிபோல் ஒரு படிவு. ஓரங்களில் கிராஃபைட் சுவர்ப்பூச்சு உதிர்வதுபோல் உரிந்து செம்பு பளபளத்தது. நடுவில் அங்கங்கே தங்க நிறத் திட்டுகள். லித்தியம் நிறைந்த கிராஃபைட் தங்க நிறமாகத்தான் இருக்கும். சக்தியை முழுதும் இறக்கிய பிறகும் தங்கம் மிச்சமிருந்தால், அந்த இடத்தில் அடுக்குகள் உடைந்து தொடர்பு அறுந்து, லித்தியம் வெளியே வர வழியில்லாமல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

"உண்மையா இது பாலோவில இருந்து வந்ததோ? பனி கொட்டுற நாட்டுப் பேட்டரி மாதிரியெல்லோ இருக்கு" என்றார் தர்மினி.

நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் மூளை ஒத்துக்கொள்ள மறுத்தது. குளிரில் லித்தியம் சோம்பேறியாகிவிடும். அடுக்குகளுக்குள் நுழைய நேரம் எடுத்துக்கொள்ளும். அப்போது வேகமாக சார்ஜ் செய்தால், பின்னால் வருவது முன்னால் நிற்பதை நெருக்கும். உள்ளே போக முடியாதது வாசலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். அதுதான் சாம்பல் சொறி. ஆனால் வெளியே நின்றால் வியர்வை சட்டையில் ஒட்டும் ஊரில் குளிர் ஏது?

யோசித்தபடி தாழ்வாரத்துக்கு வந்தேன். குணா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆய்வுக்கூடத்தில் ஏசி பலமாக இருக்கும் என்று முன்யோசனையோடு தன் பச்சை ஸ்வெட்டரைக் கொண்டுவந்து போட்டிருந்தார். அதைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

"குணா, பேட்டரியை எங்க வெச்சு சார்ஜ் போடறீங்க?"

"உள்ளதான் மேடம், ஐஸ் ரூம்ல. சார்ஜ் ஏறறப்ப சூடாவுதில்ல? அதான் நானே சுவத்துல ஓட்டை போட்டு வயர உள்ள இழுத்தேன். பஞ்சு வச்சு அடைச்சிருக்கேன், ஒரு சொட்டு குளிர் வெளிய போவாது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்க மாட்டேன்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தர்மினி தேநீரோடு ஒரு தட்டில் கூவே லாப்பிஸ் கொண்டுவந்து வைத்தார். சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக வேகவைத்த அரிசிமாவுப் பலகாரம். இங்கே எல்லோரும் அதை ஒவ்வோர் அடுக்காக உரித்துத்தான் தின்பார்கள். அதையே கிராஃபைட்டாக வைத்துக் குணாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மிருதுவாக இருக்கும்போது அடுக்கைப் பிரித்து நடுவில் விரலை நுழைக்கலாம், குளிரில் இறுகியதில் அவசரமாக நுழைத்தால் உடையும் என்று ஒன்றை உடைத்தும் காட்டினேன். அவர் உடைந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், பாலோ எல்லைக்கு வந்ததும் குணா சொன்னார். "உங்க புக்குல அப்படித்தான் மேடம் போட்டிருந்துச்சு. நான் அதுக்கு மேல ஒண்ணும் செய்யல."

அது என் நெஞ்சில் வந்து தைத்தது. அவர் சொன்னது உண்மை. குளிர்ச்சியாக வைக்கவும் என்று சிவப்பு எழுத்தில் எழுதியவள் நான். எவ்வளவு குளிர் என்று எழுதவில்லை. பேட்டரிக்குள் உச்ச வெப்பநிலையைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தேன், மிகக் குறைந்த வெப்பநிலையைப் பதிவு செய்யவே இல்லை. உறைநிலைக்கு மேலே எந்தக் குளிரிலும் முழு வேகத்தில் சார்ஜ் ஏறலாம் என்று அனுமதித்ததும் நான்தான். வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவளுக்குக் குளிரால் ஒன்று சாகும் என்று தோன்றவே இல்லை. இதையெல்லாம் குணாவிடம் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது, சொன்ன பிறகு பசித்தது. விமானத்தில் எழுதிய அறிக்கையை அன்றே அழித்தேன்.

வியாழக்கிழமை காலை, செல் கழற்றிய மூன்றாம் நம்பரை விட்டுவிட்டு, மற்ற பத்துப் பேட்டரிகளையும் வெளியே எடுத்து மரநிழலில் வரிசையாக வைத்தோம். எனக்கு இரண்டு நம்பிக்கைகள் இருந்தன. குளிர்ந்த பேட்டரி இயல்பாகவே பலவீனமாக இருக்கும். திங்கட்கிழமை நான் சோதித்ததும், ஓட்டுநர்கள் தினமும் காலையில் வண்டியில் மாட்டியதும் அறையிலிருந்து எடுத்த கையோடு. ஆகவே அவை காட்டிய அளவுக்கு மோசமாக இருக்காது. இன்னொன்று, சமீபத்தில் வாசலில் படிந்த லித்தியத்தில் ஒரு பகுதி, இதமான சூட்டில் அவசரப்படுத்தாமல் விட்டால், மெல்ல அடுக்குக்குள் திரும்பிப் போகும். உடைந்தது உடைந்ததுதான், அதை யாராலும் ஒட்ட முடியாது. நெருக்கத்தில் வெளியே நின்றதை உள்ளே அனுப்பலாம்.

ஓசூரிலிருந்து என் குழுவினர் பேட்டரிக்கான புதிய மென்பொருளை இணையத்தில் அனுப்பினார்கள். குளிரைக் கண்டால் சார்ஜ் தானே மெதுவாகிவிடும். ஒவ்வொரு பேட்டரியிலும் அதை ஏற்றிவிட்டு, சின்ன சார்ஜர்களில் மாட்டினோம். அவை பெட்டியிலிருந்து பிரிக்காமல் பத்திரமாக இருந்தன; குணா எதையும் தூக்கி எறிகிறவர் அல்ல. மத்தியானம் வரை அவர் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. அப்புறம் ஒரு கரண்டியும் சிமென்ட்டும் எடுத்துக்கொண்டு போய், தான் போட்ட ஓட்டையைத் தானே அடைத்துவிட்டு வந்து, "சாப்பிடப் போலாமா மேடம்?" என்றார். அன்று இரண்டு கோப்பி குடித்தேன். கஷாயம் என்று சொன்ன வாயால் மூன்றாவது கேட்க வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சீன முதலாளி வந்தார். எல்லோரும் அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிட்டார்கள். மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிலும் வைத்திருக்கிறார். தோட்டத்தில் வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது. மூவாரில் காலை உணவுக்கே சாத்தே சாப்பிடுவார்களாம். குச்சியில் குத்திச் சுட்ட அந்த இறைச்சியைப் பெரிய பொட்டலமாகக் கொண்டுவந்திருந்தார். வண்டிகளை ஏற்றிச் செல்லும் லாரிக்கும் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். அந்த லாரி மேட்டுக்கு அடியில் நின்றது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

நிபந்தனை எளிது. முழுப் பாரத்தோடு பம்பு வீட்டு மேட்டை மூன்று முறை நிற்காமல் ஏற வேண்டும். முதலில் லெட்சுமி. அவர் மூன்று முறையும் ஏறிவிட்டு, நாலாவது முறை யாரும் கேட்காமலே ஏறினார். அடுத்து ஒன்பதாம் நம்பர். செவ்வாய்க்கிழமை படுத்த இடம் வந்தது. வேகம் குறைந்தது. நான் குணாவின் கையைப் பிடித்துக்கொண்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வண்டி அந்த இடத்தைத் தாண்டியது. மேலே போய் நின்றதும் ஓட்டுநர் தன் கல்லை எடுத்துப் பள்ளத்தில் வீசினார். கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் ஒன்பது வண்டிகள் ஏறின. இரண்டு வண்டிகள் மூன்றாவது ஏற்றத்தில் உச்சிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டன. மூன்றாம் நம்பர் செல்லை இழந்து பட்டறையில் கிடந்தது. இந்த மூன்றுக்கும் புதுப் பேட்டரி எங்கள் பொறுப்பு என்று சொன்னேன். என்ன நடந்தது, யார் தப்பு என்பதையும் தவுக்கேயிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சாத்தே குச்சியால் பல் குத்திக்கொண்டே முழுதும் கேட்டார்.

"நல்லா ஏறுது. டீசல் வேணாம். லாரிய திருப்பி அனுப்பு" என்று குணாவிடம் சொன்னார். இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பி, "அந்த ஐஸ் ரூம் சும்மா கெடக்கக் கூடாது. டுரியான் வை" என்றார்.

காலி லாரி கிளம்பிப் போவதைப் போன்ற அழகான காட்சியை நான் வெளிநாட்டில் பார்த்ததில்லை. ஓசூருக்குப் போன் செய்து எங்கள் முதலாளியிடம் சத்தமாகவே சொன்னேன், பன்னிரண்டும் இங்கேதான் இருக்கும் என்று. குரல் உடைந்தது. நான் அதைச் சரிசெய்ய முயலவில்லை. என் பேட்டரி பிழைத்துவிட்டது.

எல்லோரும் சாத்தேயைச் சுற்றி நின்றபோது லெட்சுமி மட்டும் வண்டியை விட்டு இறங்காமல் குணாவைக் கூப்பிட்டார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மூன்று எச்சரிக்கைக் கடிதங்கள், மடிப்புக் குலையாமல். குணா கிழித்துப் போட்டுவிடலாம் என்று கை நீட்டினார். லெட்சுமி கொடுக்கவில்லை.

"கிழிக்க வேணாம். தங்கச்சி, இதுக்குப் பின்னால எழுதிக் குடுங்க. நான் செஞ்சது சரின்னு."

வண்டியின் முகப்பில் காகிதத்தை வைத்து, குணாவின் பேனாவை வாங்கி எழுதினேன். 'ஏழாம் எண் வண்டியின் பேட்டரியைக் குளிர் அறைக்குக் கொண்டுபோகாதது சரியே. கையேட்டில் நான் எழுதியதே தவறு. இப்படிக்கு, இந்தப் பேட்டரியை வடிவமைத்தவள்.' கையெழுத்துப் போட்டு நீட்டினேன். லெட்சுமி இரண்டு தடவை படித்தார். அப்புறம் அதைக் குணாவிடம் நீட்டினார். அவர் தன் இன்னொரு பேனாவை எடுத்து, நோட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் தன் பெயரையும் எனக்குக் கீழே எழுதினார்.

லெட்சுமி கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து, உறையை இருக்கைக்கு அடியில் வைத்தார். கீழே இன்னும் குலை கிடக்கிறது என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு, உச்சி வெயிலில், ஏழாம் நம்பரை மேட்டிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்.